அரசியார் நீட்டிய கை

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்தால் பாறசாலை. அதற்கு அப்பால் களியக்காவிளை. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் திருத்தி அமைக்கப்பட்டபோது, விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. பாறசாலை அடங்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அங்குள்ள தமிழர், இருந்த இடத்தை விட்டு நகராமலே, கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். இவ்விரு தாலுகாக்களும் ஒரே திருவிதாங்கூர் இராஜ்யத்தில் இருந்த காலத்தில், இரண்டுக்கும் பொதுவாக வந்த அச்சம் ஒன்று உண்டு. ஊசி பற்றிய அந்த அச்சத்தையே இன்று நாம் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

வைசூரி என்னும் பெரியம்மை ஊரூராக உயிர் குடித்த நாட்கள் அவை. 1796இல் இங்கிலாந்தில் எட்வர்டு ஜென்னர் கண்ட அம்மைப்பால் முறை, 1802 ஜூன் மாதத்தில் பம்பாயில் மூன்று வயதுக் குழந்தை ஒன்றுக்கு முதன்முதலாகப் பலித்தது. அடுத்த சில ஆண்டுகளில் அது தெற்கேயும் பரவிற்று. தமிழில் இதை அம்மை குத்துதல் என்றனர். மலையாளத்தில் அச்சுகுத்து என்றனர். இரண்டு பெயரிலும் 'குத்து' நிற்பதைக் கவனியுங்கள். நோயைத் தடுப்பது பெயரில் இல்லை, குத்துவதே இருக்கிறது.

மக்கள் அஞ்சியது கருவியின் கூர்மைக்கு மட்டும் அன்று. அந்நாளில் ஒரு குழந்தையின் கையில் எழும்பிய கொப்புளத்து நீரை எடுத்தே மற்றொரு குழந்தையின் கையில் இடுவர். தம் பிள்ளையின் புண்ணைக் கீற இடங்கொடுக்கத் தாய்மார் தயங்கினர். யார் உடம்பின் நீர் யார் உடம்பில் சேர்வது என்ற சாதிக் கேள்வியும் எழுந்தது. அம்மை தெய்வத்தின் செயல் என்று நம்பியோர், அதில் மனிதன் கை வைக்கலாமா என்று கலங்கினர். இவற்றை அறியாமை என்று ஒரு சொல்லால் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் அஞ்சியவர்க்கு அவை மெய்யான காரணங்களே.

1810 முதல் 1815 வரை திருவிதாங்கூரை ஆண்டவர் கௌரி இலக்குமிபாய் அரசியார். கர்னல் மன்றோ அப்போது ரெசிடெண்டாகவும், சில ஆண்டுகள் திவானாகவும் இருந்தார். அவர்கள் காலத்தில் அம்மை குத்தும் முறை இராஜ்யத்தில் புகுந்தபோது, குடிகளின் ஐயம் கண்ட அரசியார், முதலில் தமக்கும் தம் குடும்பத்தார்க்கும் குத்திக்கொள்ளச் செய்தார். 'அஞ்சாதீர்' என்று ஆணையிடுவதற்கு முன் தம் கையை நீட்டினார். ஆயிரம் விளம்பரம் செய்யாததை அந்த ஒரு செயல் செய்யும் அன்றோ?

பின்னர் 1879இல் வந்த அரச விளம்பரம், அரசாங்க ஊழியர், மாணவர், சிறைவாசிகள் ஆகியோர்க்கு அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கிற்று. கட்டளை கையை நீட்ட வைக்கும். நெஞ்சின் நடுக்கத்தை நிறுத்தாது. எனினும் தலைமுறை தலைமுறையாக நடந்த அப்பணி வீண்போகவில்லை. 1975க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1980இல் உலகிலேயே அது ஒழிந்ததென்று அறிவிக்கப்பட்டது. முதியோர் மேற்கையில் காணும் வட்டத் தழும்பே அவ்வரலாற்றின் முத்திரை.

நோய் போயிற்று, ஊசி அச்சம் போகவில்லை. சிலர்க்கு ஊசியைக் கண்டதும் இரத்த அழுத்தம் தாழ்ந்து மயக்கம் வரும். இது உடலின் இயல்பு, கோழைத்தனம் அன்று. அத்தகையோரைப் படுக்க வைத்து ஊசி போடுதல் நன்று. ஊசி ஏறும் கையைத் தளர்த்தி, மற்றக் கைகால்களின் தசைகளை இறுக்கி விடும் பயிற்சியை 1980களில் சுவீடன் நாட்டு உளவியலார் வகுத்தனர். அது மயக்கத்தைத் தடுக்க உதவுகிறது. கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே போடலாம். சிறுவரை மடியில் நிமிர்த்தி அமர்த்தி, கவனத்தை வேறு திசையில் திருப்பலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவுறுத்திற்று.

இன்னொன்றும் வேண்டும். 'ஒன்றுமில்லை' என்பது தமிழிலும் மலையாளத்திலும் ஏறக்குறைய ஒரே சொல். அஞ்சுபவர்க்கு இரண்டிலும் அது பொய்யே. 'சிறிது வலிக்கும், விரைவில் தீரும், நான் அருகில் இருக்கிறேன்' என்பதே மெய்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் மருத்துவமனை வாயிலில் நிற்கும் தமிழர்க்கு இது நன்கு விளங்கும். ஊசியின் அச்சத்தோடு, தம் அச்சத்தைச் சொல்ல மொழியில்லாத தவிப்பும் அங்கே சேர்ந்துகொள்கிறது. அவ்வூர் மொழி அறிந்த அண்டை வீட்டார் ஒருவர் உடன் சென்று, 'இவருக்கு ஊசி என்றால் மயக்கம் வரும்' என்று முன்னரே சொல்லிவிட்டால் பாதித் துன்பம் தீரும். அரசியார் அன்று தம் கையை முதலில் நீட்டினார். நாமோ அஞ்சுபவர் கையைப் பற்றிக்கொண்டு அருகில் நின்றால் போதும்.