துயரில் அறிமுகமான நகரம்

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரம் பேரிழப்பை முன்பே அறிந்திருந்தது. 2011 பிப்ரவரி 22-இல் நேர்ந்த நிலநடுக்கம் அங்கே 185 உயிர்களைப் பறித்தது. அது இயற்கையின் சீற்றம். 2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை நிகழ்ந்ததோ மனிதனின் வெறுப்பு. ஜும்ஆவுக்காகக் கூடியிருந்தோர்மீது அந்நூர் பள்ளிவாசலிலும் லின்வுட் இஸ்லாமிய மையத்திலும் ஒருவன் நடத்திய துப்பாக்கிச்சூட்டில் 51 பேர் ஷஹீதாயினர்.

அவர்களுள் ஆப்கானியர், பாகிஸ்தானியர், இந்தியர், வங்கதேசத்தவர், சிரியர், சோமாலியர் எனப் பல நாட்டவரும் இருந்தனர். பிழைப்பையும் கல்வியையும் பாதுகாப்பையும் நாடி அந்நகரில் குடியேறியவர்கள் அவர்கள். அண்டை வீட்டார் பலருக்கும் அவர்களுடைய பெயர்கள்கூட அன்றுவரை தெரிந்திருக்கவில்லை.

அடுத்த வெள்ளி, மார்ச் 22. அந்நூர் பள்ளிவாசலுக்கு எதிரேயுள்ள ஹேக்லி பூங்காவில் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். பாங்கொலி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நாடெங்கும் ஒலிபரப்பாயிற்று. தொடர்ந்து இரு நிமிடங்கள் தேசமே மௌனம் காத்தது. முஸ்லிமல்லாத பெண்கள் பலர் தலையில் முக்காடிட்டு வந்திருந்தனர். படுகொலையிலிருந்து உயிர்தப்பிய இமாம் ஜமால் ஃபவ்தா குத்பா நிகழ்த்தினார். பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன், நம்பிக்கையாளர்களை ஓர் உடலுக்கு ஒப்பிடும் நபிமொழியை எடுத்துரைத்தார்.

இக்காட்சிகளை நாம் நெகிழ்ச்சியோடு நினைவுகூர்கிறோம். ஆயினும் நெகிழ்ச்சியோடு நின்றுவிட்டால் வரலாற்றின் பாதியையே படித்தவராவோம். பகுதித் தானியங்கித் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவற்றைத் தடைசெய்யும் சட்டம், 2019 ஏப்ரல் 10-இல் 119 வாக்குகளுக்கு எதிராக ஒன்று என்ற கணக்கில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிற்று. 2020 ஆகஸ்ட் 27-இல் கொலையாளிக்குப் பரோலில் விடுதலையற்ற ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அந்நாட்டில் அத்தகைய தண்டனை அதுவே முதன்முறை. அதே ஆண்டு டிசம்பரில் வெளியான அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை, பாதுகாப்பு அமைப்புகளின் கவனம் முஸ்லிம் தீவிரவாதம் என்னும் ஒரே திசையில் பொருத்தமற்ற அளவுக்குக் குவிந்திருந்ததைச் சுட்டிக்காட்டியது. முன்னரே அச்சுறுத்தல்களுக்கு உள்ளாகி முறையிட்டு வந்த சமுதாயத்திற்கு அவ்வரிகள் தாமதமாகக் கிட்டிய செவிசாய்ப்பாகும். பிரதமர் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

மனிதர்கள் பல்வேறு இனங்களாகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே என்பது ஹுஜுராத் அத்தியாயம் உணர்த்தும் உண்மை. கிறைஸ்ட்சர்ச் மக்கள் அவ்வறிமுகத்தைக் கபுருகளின் ஓரத்தில் நின்று பெற்றனர். அண்டை வீட்டாரின் பெயரை அவருடைய ஜனாஸாவுக்கு முன்பே அறிந்துவைப்பது எந்த நகரத்தார்க்கும் இயலக்கூடியதே. அந்த 51 பேரை நினைவுகூர்வதன் பொருளும் அதுவேயென நாம் கருதுகிறோம்.