மேஜர் பரமேஸ்வரனும் புலம்பெயர்ந்தோர் நடுகல்லும்

தேனி மாவட்டத்தில், ஆண்டிபட்டி வட்டத்தில், வைகையாற்றங்கரையில் புள்ளிமான்கோம்பை என்றொரு சிற்றூர் உண்டு. 2006ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அங்கே மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தனர். தமிழ் பிராமி எழுத்துகள் பொறித்த அக்கற்கள், இதுவரை கிடைத்த எழுத்துடை நடுகற்களுள் மிகப் பழமையானவை என்பது அறிஞர் கருத்து. அவற்றுள் ஒன்று, கூடலூர் ஆகோள் பூசலில் உயிர்நீத்த அந்தவன் என்பானுக்காக நடப்பட்டது. சக்குபள்ளத்திலிருந்து புறப்பட்டுக் குமுளி வழியே மலையிறங்கும் நமக்கு, அடிவாரத்தில் கூடலூர் என்ற பெயர் இன்றும் எதிர்ப்படுகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெயரொன்று, பேருந்தின் பெயர்ப்பலகையில் நம்மோடு பயணம் செய்கிறது.

வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் ஆறு நிலைகளாக வகுத்துச் சொல்லும். கல்லைத் தேர்ந்து காண்பது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது வரை அவை அமையும். இந்த ஆறையும் செய்து முடிப்பது ஊர். ஊர் இருந்தால்தான் கல் உண்டு. அப்படியாயின், பிழைப்பு நாடி ஊரை விட்டு வந்த குடியில் பிறந்து, பிறமொழி பேசும் வீரருக்குத் தலைவனாகி, கடல் கடந்த மண்ணில் மாண்டவனுக்கு எந்த ஊர் கல் நடும்? மேஜர் இராமசுவாமி பரமேஸ்வரனின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் இக்கேள்வி நம்மை விடாது தொடர்கிறது. ஏலக்காய் மணக்கும் இம்மலைகளுக்கு மூட்டை முடிச்சோடு ஏறிவந்தவர்களின் வழித்தோன்றல்களாகிய நம் சங்கத்தார்க்கும் இது அயலான கேள்வியன்று.

பரமேஸ்வரன் 1946ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். தந்தையார் இராமசுவாமி; தாயார் ஜானகி. தென்னாட்டிலிருந்து அந்நகருக்குக் குடியேறியோர் தம் மக்களின் கல்விக்கென 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கத்தின் பள்ளியிலும் கல்லூரியிலும் பயின்று, 1968இல் அறிவியல் பட்டம் பெற்றார். குடியேறிய இடத்தில் கோயிலும் பள்ளியும் சங்கமும் கண்டு, ஊரை மீண்டும் ஒருமுறை கட்டிக்கொள்வது தமிழர் வழக்கம். அவ்வழக்கத்தின் பயனை முழுதாக நுகர்ந்து வளர்ந்தவர் அவர். அக்காலத்துப் பட்டதாரி இளைஞர் பலரும் வங்கியிலோ அரசு அலுவலகத்திலோ நாற்காலி ஒன்று கிடைத்தால் போதுமென்றிருந்தனர். அந்நாற்காலியின் அருமையை நாம் அறிவோம், அதில்தான் அமர்ந்திருக்கிறோம். பரமேஸ்வரன் அதை நாடவில்லை. 1971இல் சென்னையிலுள்ள அதிகாரிகள் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, 1972 ஜூன் 16ஆம் நாள் மகர் ரெஜிமெண்டின் 15ஆம் பட்டாலியனில் அதிகாரியானார்.

மகர் ரெஜிமெண்டின் வரலாறு தனியே எழுதத் தக்கது. 1818ஆம் ஆண்டுக் கோரேகாவ் போரில் பெயர் பெற்ற மகர் குலத்தாரை, அந்நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில ஆட்சி படையில் சேர்க்க மறுத்தது. தீண்டாமையின் நிழல் பாசறை வரை நீண்டிருந்த காலம் அது. அக்கதவை மீண்டும் திறக்கவேண்டுமென வாதாடியவருள் தலையாயவர் டாக்டர் அம்பேத்கர். அவர் தந்தையாரும் படையில் பணியாற்றியவரே. 1941 அக்டோபர் முதல் நாள் பெல்காமில் இப்படை எழுந்தது. பின்னாளில் நாட்டின் பல பகுதியினரும் இதில் சேர்ந்தனர். விலக்கி வைக்கப்பட்டோர் தம் தோள்வலியால் மீட்டுக்கொண்ட படை இது. அதன் வீரர்களுக்குப் புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் மகன் தலைவரானார். வடகிழக்கு எல்லைப் பகுதிகளில் அவர்களோடு பல்லாண்டு காடும் மலையும் அலைந்தார். வீரர்கள் அவரைப் 'பாரி சாகிப்' என்று அன்போடு அழைத்தனராம். பரமேஸ்வரன் என்ற நீண்ட பெயரை அவர்கள் நா அவ்வாறு சுருக்கிக்கொண்டது. பறம்புமலைப் பாரியை அவர்கள் அறியார். ஆயினும் தமிழ்ச் செவிக்கு அப்பெயர் பொருத்தமாகவே ஒலிக்கிறது.

1987ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள், பிரதமர் இராஜீவ் காந்தியும் குடியரசுத் தலைவர் ஜயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் செய்தனர். அமைதி காக்கவென்று இந்தியப் படை இலங்கை சென்றது. வரவேற்ற மண்ணே சில திங்களில் போர்க்களமாயிற்று. அக்டோபரில் விடுதலைப் புலிகளுக்கும் இந்தியப் படைக்கும் போர் மூண்டது. 'பவன் நடவடிக்கை' என்பது அதன் பெயர். அக்டோபர் 11ஆம் நாள் இரவு, பாரா கமாண்டோக்கள் எனப்படும் சிறப்புப் படையினர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பகுதியில் ஹெலிகாப்டர்களில் இறங்கினர். அவர்களுடன் சென்ற சீக்கியக் காலாட்படைப் பிரிவினர் 30 பேரில் 29 பேர் அங்கேயே மடிந்தனர். அத்திங்களிலேயே, தீபாவளியை ஒட்டி, யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்த படையினரின் குண்டுகளுக்கு மருத்துவரும் தாதியரும் நோயாளரும் பலியாயினர். வீரத்தைப் பேசுவோர் இதையும் மறைக்கலாகாது. மறைத்து எழுதினால் அது வரலாறாகாது.

இத்தகைய சூழலில்தான் மேஜர் பரமேஸ்வரன் 8ஆம் மகர் பட்டாலியனில் பணியாற்றினார். நவம்பர் 25ஆம் நாள் இரவு. தேடுதல் பணியை முடித்துக்கொண்டு அவரது படையணி திரும்பிக்கொண்டிருந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டங்களும் பனைவடலிகளும் பகலிலேயே ஆளை மறைப்பவை. இரவில் கேட்க வேண்டுவதில்லை. அங்கே பதுங்கியிருந்தோர் திடீரெனச் சுடத் தொடங்கினர்.

பதுங்கித் தாக்குவோர்க்கு மூன்று வலிமைகள் உண்டு. இடம் அவர்கள் தேர்ந்தது; நேரம் அவர்கள் குறித்தது; முதற்குண்டும் அவர்களுடையது. அகப்பட்டவனுக்கு எஞ்சுவது சில நொடிகளே. படுத்துக்கொண்டால் கிடந்த இடத்திலேயே மடிய நேரும். சிதறி ஓடினால் படை படையாக இராது. அந்நொடிகளில் எல்லாக் கண்களும் தலைவனையே தேடும். பரமேஸ்வரன் நிலைகுலையவில்லை. எதிரிகளைப் பின்புறமாகச் சுற்றிவளைத்து, அவர்கள் எதிர்பாராத திசையிலிருந்து பாய்ந்தார். இடமும் நேரமும் அக்கணமே கைமாறின. கைகலப்பில் ஒருவன் அவரது மார்பில் சுட்டான். சுட்டவனின் துப்பாக்கியையே பறித்து அவனை வீழ்த்தினார் மேஜர். குருதி பெருகிய நிலையிலும் ஆணைகளைப் பிறப்பித்துக்கொண்டே இருந்தார். இறுதி மூச்சு வரை அவை நிற்கவில்லை. எதிர்த்தரப்பில் ஐவர் மாண்டனர், மூன்று துப்பாக்கிகளும் இரண்டு ராக்கெட் ஏவுகருவிகளும் கைப்பற்றப்பட்டன, வழி திறந்தது. அவருக்கு வயது 41.

கோப்புகளோடு காலம் கழிக்கும் நமக்கு அரசு மொழியின் இயல்பு தெரியும். விருதுக் குறிப்பு என்பது ஒரு பக்கத்துக்கும் குறைவான அலுவலகக் குறிப்பே. அழுகைக்கு அதில் இடமில்லை. ஆனால் இக்குறிப்பில் நம்மை நிறுத்தி வைப்பது, அவர் சுட்டுக்கொன்ற செய்தியன்று. மார்பில் குண்டு பட்ட பிறகும் ஆணையிட்டார் என்னும் செய்தியே. தன் உயிர் கணக்கில் இல்லை. பின்னால் நிற்பவரின் உயிர்தான் கணக்கு. தலைமை என்பதற்கு இதனினும் சுருங்கிய விளக்கம் இராது.

நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால விருதாகிய பரம்வீர் சக்கரம் அவர் மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது. அவ்விருதை இதுவரை பெற்றோர் 21 பேரே. இலங்கைப் போருக்காக அதைப் பெற்றவர் இவர் ஒருவரே. ததீசி முனிவர் தம் முதுகெலும்பையே ஈந்து உருவாக்கச் செய்த வச்சிராயுதம் அப்பதக்கத்தில் நான்கு முறை பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை வரைந்தவர் சாவித்திரி கானோல்கர் என்னும் அம்மையார். ஐரோப்பாவில் பிறந்து, மராட்டிய இராணுவ அதிகாரி ஒருவரை மணந்து, இந்நாட்டையே தாய்நாடாக்கிக் கொண்டவர். புலம்பெயர்ந்து வந்தவர் வரைந்த பதக்கம், புலம்பெயர்ந்த குடியின் மகனுக்குச் சென்று சேர்ந்தது.

இனிச் சொல்லத் தயங்குவதையும் சொல்லவேண்டும். அந்த இரவில் எதிரே நின்றவர்களும் தமிழர். நம் வீட்டு மொழியே இருபுறமும் இருந்தது. இம்மலைநாட்டில் வாழும் நமக்கு இலங்கை தொலைவிலுள்ள பெயரன்று. 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின் வழியே திரும்பிவந்த மலையகத் தமிழர், பெரியாற்றுக் காட்டை அடுத்த கவியின் ஏலத்தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டனர். ஆதலின் பரமேஸ்வரனின் வீரத்தைக் கூறும்போது நம் குரல் சற்றே தாழ்கிறது.

அவ்வாறு தாழ்வதே தமிழ் மரபு எனலாம். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் பொருதபோது, இருவரும் ஒரே குடியினர், தோற்பதும் அக்குடியே என்று இடித்துரைத்தவர் கோவூர்கிழார். புறநானூற்றுப் புலவர் வீரனைப் பாடினர். போரை நிறுத்தவும் முயன்றனர். இரண்டும் ஒரே நாவில் இயன்றன. படை அனுப்பும் முடிவு மேஜரின் முடிவன்று. அது சரியா தவறா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 1990 மார்ச்சில் இந்தியப் படை திரும்புவதற்குள் சுமார் 1,200 வீரர்கள் மாண்டிருந்தனர் என்பது மட்டும் ஐயமற்றது. ஆயினும் தம்மை நம்பி வந்தவர்களைச் சாவின் வாயிலிருந்து மீட்பதே அந்த இரவில் அவர் கைக்கு வந்த கடமை. அதை அவர் தம் உயிரைக் கொடுத்து முடித்தார். போருக்காக வருந்துவதும் அம்மனிதரை வணங்குவதும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

அப்படியெனில் நடுகல் எங்கே? சென்னை ஆர்க்காடு சாலையில் இராணுவத்தாரின் குடியிருப்பு ஒன்று பரமேஸ்வரன் விகார் எனப் பெயர் தாங்குகிறது. 2023 ஜனவரி 23ஆம் நாள், அந்தமானில் பெயரின்றிக் கிடந்த 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்ற 21 பேரின் பெயர்களும் இடப்பட்டன. அவற்றுள் ஒரு தீவு பரமேஸ்வரனுடையது. ஊர் நட்ட கல்லில்லை என்று வருந்தியிருந்த நமக்கு, கடல் நடுவே ஒரு நிலமே கல்லாக எழுந்து நிற்பதைக் கேட்டபோது நெஞ்சு நிறைந்தது.

ஆனால் கல் மட்டும் போதாது. அதன்முன் நின்று பெயரைச் சொல்வோர் வேண்டும். தொல்காப்பியர் வாழ்த்துதலை இறுதி நிலையாக வைத்த காரணமும் அதுவாகலாம். நம் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படித்து, தமிழை வீட்டில் பேசி, நாம் எந்த ஊர்க்காரர் என்று சில வேளை கேட்கிறார்கள். அடுத்த முறை கூடலூர் வழியே இறங்குகையில் அந்தவனின் கல்லைப் பற்றி அவர்களுக்குச் சொல்வோம். அதனோடு பம்பாயில் பிறந்து, மகர் வீரர்க்குப் பாரி சாகிப் ஆகி, யாழ்ப்பாணத்து மண்ணில் சாய்ந்த பரமேஸ்வரனைப் பற்றியும் சொல்வோம். சொல்லும் வரை அவருக்கு ஊர் உண்டு.