மூடுபனி செய்த உதவி

மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாக நின்று பார்த்திருக்கிறீர்களா? சென்னையிலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில், விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது அவ்வூர். பாத்திக்குப் பின் பாத்தி, வரப்புக்குப் பின் வரப்பு, அதற்கப்பால் வானம். கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், அடிவானம் ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர் தொலைவில் அமையும். அதற்குள் உள்ள உப்புக் குவியல்களையும் வரப்புகளையும் நம் கண் சிரமமின்றி ஒரே பார்வையில் வாங்கிக்கொள்கிறது.

இதே காட்சியை ஒரு கணிப்பொறி வரைய வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் நடக்க நடக்கக் காட்சி மாற வேண்டும். வினாடிக்கு 30 படங்கள் வேண்டுமானால், ஒவ்வொரு படத்தையும் ஒரு வினாடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்துக்குள் வரைந்து முடிக்க வேண்டும். நாலரை கிலோமீட்டர் தொலைவு வரை உள்ள அனைத்தையும்! பழைய கணிப்பொறிகளுக்கு இது ஆகாத காரியம்.

ஆனால் விடியற்காலையில் மூடுபனி இறங்கிவிட்டால்? இரண்டு பாத்திகளுக்கு அப்பால் எல்லாம் ஒரே வெண்மை. வரைய வேண்டிய வேலை சுருங்கிவிடுகிறது. அதே சமயம் பார்ப்பவர் மனத்தில் ஒரு கேள்வி எழுகிறது: 'அதோ அசைவது என்ன?'

வேலை குறைந்தது, அச்சம் கூடியது. வீடியோ விளையாட்டுகளின் வரலாற்றில் இந்த இரண்டும் எப்படிச் சேர்ந்தன என்பதை, ஜப்பானில் உருவான 'சைலண்ட் ஹில்' என்னும் தொடரின் முதல் இரண்டு விளையாட்டுகளை ஒப்பிட்டுக் காண்போம்.

உயிர் பிழைக்கும் ஆட்டம்

திகில் விளையாட்டுகளில் ஒரு வகை உண்டு. அதில் ஆடுபவர் பெரிய வீரர் அல்லர். கையில் குண்டுகள் குறைவு, மருந்தும் குறைவு. எதிரியை வெல்வதைவிட உயிரோடு வெளியே வருவதே பெரிது. 1996-ஆம் ஆண்டு கேப்காம் நிறுவனம் வெளியிட்ட 'ரெசிடெண்ட் ஈவில்' இவ்வகையை உலகெங்கும் பரப்பியது.

அது ஓடிய கருவி சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன். 1994 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அந்தக் கருவியின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட்தான். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படமே பெரும்பாலும் இதைவிட அதிக இடம் பிடிக்கும்! எனவே கேப்காம் கலைஞர்கள் ஓர் உபாயம் செய்தார்கள். மாளிகையின் அறைகளை முன்கூட்டியே படங்களாக வரைந்து வைத்துவிட்டார்கள். நாடக மேடையின் பின்திரையைப் போல அப்படம் அசையாமல் நிற்கும். அதன் முன்னே பாத்திரங்கள் மட்டும் நடமாடும்.

இந்த உபாயம் அறைகளுக்குப் பொருந்தும். ஒரு முழு நகரத்தின் தெருக்களில் ஆடுபவரை விருப்பம்போல் நடக்கவிட வேண்டுமானால்?

பனிக்குள் ஒரு நகரம்: 1999

கொனாமி நிறுவனத்தில் கெய்ச்சிரோ தோயாமா என்பவரின் இயக்கத்தில் ஒரு குழு இந்தச் சோதனையில் இறங்கியது. 1999-இல் 'சைலண்ட் ஹில்' அமெரிக்காவில் வெளிவந்தது. ஹாரி மேசன் என்ற தந்தை, கார் விபத்துக்குப் பின் காணாமற்போன தம் மகள் செரிலைத் தேடி ஒரு சிற்றூருக்குள் நுழைகிறார். இதுவே கதையின் தொடக்கம்.

இங்கே தெருக்கள் முன்பே வரைந்த படங்கள் அல்ல. ஆடுபவர் நடக்க நடக்கக் கருவியே அவற்றை வரைந்துகொண்டிருக்கிறது. அதன் பலத்துக்குச் சில மீட்டர் தொலைவுதான் எட்டும். அதற்கப்பால் தெரு திடீரென்று வெட்டுப்பட்டு நின்றால் நன்றாகவா இருக்கும்? ஆகவே ஊர் முழுதும் மூடுபனியைப் பரப்பினார்கள். பருவம் தப்பிய பனித்துகள்கள் வேறு வானிலிருந்து உதிர்கின்றன.

இந்தப் பனியைக் கருவி எப்படி உண்டாக்குகிறது? உண்மையான மூடுபனியில் நுண்ணிய நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிக்கின்றன. ஒவ்வொரு பத்து மீட்டருக்கும் பொருளின் தெளிவு பாதியாகக் குறைகிறது என்று கொண்டால், இருபது மீட்டரில் கால் பங்கு, முப்பது மீட்டரில் அரைக்கால் பங்குதான் மிஞ்சும். கருவி ஒவ்வொரு துளியையும் கணக்கிடுவதில்லை. பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, அந்த அளவுக்கு அதன் நிறத்தில் சாம்பல் நிறத்தைக் கலந்துவிடுகிறது. எல்லை வந்ததும் முழுச் சாம்பல். அதற்கப்பால் வரைய வேண்டியதே இல்லை.

கண்ணை மூடியவர்கள் காதைத் திறந்துவிட்டார்கள். ஹாரியிடம் ஒரு சிறு வானொலிப் பெட்டி இருக்கிறது. ஏதாவது ஒரு கொடிய உரு நெருங்கினால் அது கரகரக்கும். எதிரி எங்கே என்று தெரியாது. இருக்கிறது என்பது மட்டும் தெரியும். பொழுது இருண்டபின் கைவிளக்கின் ஒளி விழும் சிறு வட்டமே உலகம். கருவிக்குச் சுமை குறைய, ஆடுபவருக்குப் பயம் கூடியது.

நெல் விளையாத உவர் நிலத்தை நம் கடற்கரை மக்கள் என்ன செய்தார்கள்? பாத்தி கட்டி, உவர்நீர் பாய்ச்சி, வெயிலில் வற்றவிட்டு உப்பை விளைவித்தார்கள். நிலத்தின் குறையே அங்கு விளைச்சலாயிற்று. கொனாமி குழுவினர் செய்ததும் அத்தகையதே.

பலம் வந்த பின்: 2001

அடுத்து நடந்ததுதான் நாம் கூர்ந்து கவனிக்க வேண்டியது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் பிளேஸ்டேஷன் 2 வந்தது. அதன் முதன்மை நினைவகம் 32 மெகாபைட். முந்தையதைப் போல் 16 மடங்கு. 2001 செப்டம்பரில் வெளிவந்த 'சைலண்ட் ஹில் 2' இக்கருவிக்காகவே செய்யப்பட்டது. இயக்கியவர் மசாஷி ட்சுபோயாமா. இப்போது இன்னும் வெகு தொலைவு வரை வரையலாம். பனியைக் கலைத்திருக்கலாம் அல்லவா?

கலைக்கவில்லை. புதிய பலத்தைக் கொண்டு பனியையே மேலும் அழகாக வரைந்தார்கள். முதல் விளையாட்டின் பனி ஒரு சாம்பல் திரை; இரண்டாவதன் பனி சுழன்று நகரும் மெய்யான பனி. முன்பு தேவைக்காக வந்தது, இப்போது விரும்பி வைக்கப்பட்டது.

ஏன் விரும்பினார்கள்? கதையைப் பாருங்கள். ஜேம்ஸ் சண்டர்லேண்ட் என்பவருக்கு அவர் மனைவி மேரியிடமிருந்து ஒரு கடிதம் வருகிறது. மேரியோ மூன்றாண்டுகளுக்கு முன்பே இறந்தவர்! அக்கடிதத்தை நம்பி அவர் அந்த ஊருக்கு வருகிறார். முதல் விளையாட்டில் ஹாரி மகளைத் துரத்திக்கொண்டு ஒரு சந்துக்குள் போனதுமே கொடிய உருக்கள் தாக்கிவிடுகின்றன. இரண்டாவதில் ஜேம்ஸ் பனி படர்ந்த காட்டுப் பாதையில் நெடுநேரம் தனியே நடக்கிறார். எதுவும் தாக்குவதில்லை. அந்த அமைதியே ஆடுபவரை நடுங்க வைக்கிறது.

முடிவுகளிலும் வேறுபாடு உண்டு. இரண்டுக்குமே பல முடிவுகள் இருக்கின்றன. முதலாவதில் வழியில் யாரைக் காப்பாற்றினீர்கள் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். இரண்டாவது உங்களை ஓசையின்றிக் கவனித்துக்கொண்டே இருக்கிறது. ஜேம்ஸுக்குக் காயம் பட்டால் உடனே மருந்திட்டீர்களா? மனைவியின் படத்தையும் கடிதத்தையும் எடுத்துப் பார்த்தீர்களா? இத்தகைய சிறு செயல்களும் முடிவைத் தீர்மானிப்பதில் பங்கு பெறுகின்றன. ஜேம்ஸ் தம்மிடமிருந்தே ஒன்றை மறைத்துக்கொண்டிருக்கிறார். அது என்னவென்று இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் பனி இப்போது தெருவை மட்டும் மறைக்கவில்லை, ஒரு மனிதனின் நினைவையும் மறைக்கிறது என்பது புரிகிறதல்லவா?

பனியை விலக்கிப் பார்த்தபோது

பனி இல்லாவிட்டால் என்ன ஆகும்? இதற்கும் வரலாறு விடை தந்திருக்கிறது. 2012-இல் இரண்டாம், மூன்றாம் விளையாட்டுகளைப் புதிய கருவிகளுக்காக மாற்றி ஒரு தொகுப்பாக வெளியிட்டார்கள். அப்போது, பழைய விளையாட்டுகளின் இறுதி நிரல்கள் முழுமையாகப் பாதுகாக்கப்படவில்லை என்பது தெரியவந்தது. அரைகுறையாகக் கிடைத்ததைக் கொண்டு வேலை செய்ய நேர்ந்தது. விளைவு? சில இடங்களில் பனி மெலிந்துபோயிற்று. யாரும் பார்க்கப் போவதில்லை என்று வரையாமல் விட்டிருந்த ஓரங்கள் வெளியே தெரிந்தன. படம் முன்னைவிடக் கூர்மையாக இருந்தும், ரசிகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, தெளிவு எப்போதும் ஆதாயம் அன்று. மற்றொன்று, ஓலைச்சுவடிகளைப் போலவே கணிப்பொறி நிரல்களையும் காக்க வேண்டும். பதினோரு ஆண்டுகளே அவற்றைத் தொலைக்கப் போதுமானவை.

2024 அக்டோபரில் போலந்து நாட்டின் புளூபர் டீம் நிறுவனம் 'சைலண்ட் ஹில் 2'-ஐ முற்றிலும் புதிதாகச் செய்து வெளியிட்டது. அது ஓடும் பிளேஸ்டேஷன் 5-இன் நினைவகம் 16 கிகாபைட். முதல் பிளேஸ்டேஷனைப்போல் எட்டாயிரம் மடங்குக்கு மேல்! அதிலும் ஊரைப் பனி மூடியே இருக்கிறது.

ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். இவ்விளையாட்டுகள் வயது வந்தோருக்கானவை. பள்ளி மாணவர்கள் ஆடுவதற்கு அல்ல. அவை செய்யப்பட்ட விதத்தை அறிந்துகொள்ள வயது தடையில்லை.

நீங்களும் பள்ளியிலோ வீட்டிலோ ஒரு பழைய கணிப்பொறியில் நிரல் எழுதிப் பழகுபவராக இருக்கலாம். 'இதற்கு வேகம் போதாது, நினைவகம் போதாது' என்ற சலிப்பு உங்களுக்கு வந்திருக்கும். அடுத்த முறை சலிப்பு வரும்போது, உங்கள் கணிப்பொறியால் முடியாதவற்றை ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்தக் குறை யாருக்காவது எதற்காவது பயன்படுமா என்று யோசித்து எழுதுங்கள். இரண்டு மெகாபைட் நினைவகத்தை வைத்துக்கொண்டு ஒரு குழு அப்படி யோசித்ததால்தான், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்தும் அந்த ஊரில் பனி விலகாமல் இருக்கிறது.