கடைசியா எப்ப சாப்பிட்டார்?

போன மாசம் ஒரு ராத்திரி பதினோரு மணிக்கு எங்க சித்தப்பாவுக்கு ஹெர்னியா முறுக்கிக்கிச்சு. கூடுவாஞ்சேரியிலிருந்து ஜி.எஸ்.டி. ரோடு வழியா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மயக்க டாக்டரின் முதல் கேள்வி: "கடைசியா எப்ப சாப்பிட்டார்?"

"மத்தியானத்திலேர்ந்து பச்சத்தண்ணி கூட குடிக்கல சார்" என்றார் சித்தி. உண்மையில் ஒன்பது மணிக்கு நாலு பரோட்டா! சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்களோன்னு பயம். நான்தான் பின்னாலேயே போய் போட்டுக் கொடுத்தேன். (சித்தி இன்னும் என்கிட்ட சரியா பேசறதில்லை :-))

அந்தக் கேள்விக்குப் பின்னாடி பெரிய வரலாறே இருக்குங்க.

1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாசில் பக்கம் ஹன்னா கிரீனர் என்ற 15 வயசுப் பொண்ணு, கால் நகம் எடுக்கக் குளோரோஃபார்ம் கொடுத்தபோது இறந்துபோனாள். பழி குளோரோஃபார்ம் மேல் விழுந்தது. அதைப் பிரபலமாக்கிய சிம்சனோ, தெளிய வைக்க வாயில் ஊற்றிய தண்ணியும் பிராந்தியும்தான் மூச்சை அடைச்சதுன்னு வாதாடினார். அந்த வழக்கு இன்னும் தீரலை. ஆனா அவர் சொன்ன ஆபத்து நிஜம். நமக்குப் புரையேறினா இருமித் தள்ளிடுவோம். மயக்கத்தில் அந்தக் காவல் தூங்கிடும். வயித்திலிருந்து மேலே வர்றது நேரா நுரையீரலுக்குப் போகும்.

1946-ல் நியூயார்க் மகப்பேறு மருத்துவர் கர்ட்டிஸ் மெண்டல்சன் 44,016 பிரசவங்களின் பதிவுகளை அலசினார். 66 பேருக்கு இப்படி நுரையீரலுக்குள் போயிருந்தது. இரண்டு பேர் இறந்தாங்க, கெட்டி உணவு மூச்சை அடைத்து. முயல்களை வைத்து, வயித்து அமிலமே நுரையீரலைப் புண்ணாக்குதுன்னும் காட்டினார். பிரசவ வலியில் சாப்பாடு கூடாதுங்கற கட்டுப்பாடு இதிலிருந்துதான் வலுத்தது.

சரி, அவசர கேஸுக்கு என்ன பண்றது? 1961-ல் லண்டன் மருத்துவர் பிரையன் செல்லிக் ஒரு எளிய வழி சொன்னார். குரல்வளைக்குக் கீழே மோதிரம் மாதிரி ஒரு குருத்தெலும்பு இருக்கு. மூச்சுக்குழாயில் டியூப் போய்ச் சேரும்வரை உதவியாளர் அதை அழுத்திப் பிடிச்சா, பின்னால் உள்ள உணவுக்குழாய் முதுகெலும்போடு நசுங்கி மூடிக்கும். வெறும் 26 நோயாளிகளிடம் பார்த்தது, உலகம் பூரா பரவிடுச்சு!

அப்புறம் 2019-ல் வெளியான பிரான்ஸ் ஆய்வில், 3,472 பேரில் பாதிப்பேருக்கு அழுத்தினாங்க, மீதிப்பேருக்கு அழுத்தற மாதிரி பாவனை. உள்ளே போனது 0.6%, 0.5%. ஏறத்தாழ ஒண்ணுதான். அழுத்தறது தேவையே இல்லைன்னு இதை வெச்சு அடிச்சுச் சொல்லவும் முடியலை. சர்ச்சை தொடருது.

சித்தப்பாவுக்கு ஆபரேஷன் தள்ளிப்போகலை. மூக்கு வழியா குழாய் விட்டு வயித்தை உறிஞ்சி எடுத்தப்புறம்தான் மயக்கம் கொடுத்தாங்க. இப்ப நல்லா இருக்கார். அவசர கேஸ்னாலே வயிறு நிரம்பியிருக்குன்னுதான் வெச்சுப்பாங்களாம். இருந்தாலும் கேட்டா, பரோட்டாவைப் பரோட்டான்னே சொல்லிடுங்க மக்களே.