பழைய படம் எங்கே?

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் மடியில் ஒரு பெரிய கவர். முழங்கால் மூட்டில் டி.பி. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்துவிட்டார். வலி போச்சு, வீக்கம் போச்சு. 'எக்ஸ்ரேயில மட்டும் எலும்பு இன்னும் அரிச்ச மாதிரியே தெரியுதே சார்!'

இந்த பயத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. மருந்தே இல்லாத காலத்தில் எலும்புக் காசநோய் என்றால் வருஷக்கணக்கில் படுக்கை, மாவுக்கட்டு. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்த பிறகும், 'கெட்டுப்போன எலும்பை வெட்டி எடுத்தால்தான் ஆச்சு' என்று ஒரு கட்சி. சென்னை சேத்துப்பட்டு காசநோய் ஆய்வு மையம் 1970களில் அதை நேராகவே சோதித்துப் பார்த்தது. முதுகெலும்பில் டி.பி. வந்த 304 பேர். சிலருக்கு ஆபரேஷனோடு மாத்திரை. மற்றவர்களுக்கு 6 அல்லது 9 மாதம் மாத்திரை மட்டும், அதுவும் நடமாடிக்கொண்டே! அதோடு விட்டார்களா? பத்து வருஷம் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். 1999-ல் வெளியான முடிவில், மாத்திரைக் கோஷ்டி துளியும் சளைக்கவில்லை.

விஷயம் இதுதான்: கிருமி மாதக்கணக்கில் சாகும், எலும்பு அதைவிட மெதுவாகத்தான் தேறும். சில தழும்புகள் கடைசிவரை படத்தில் இருக்கும். அதனால்தான் டாக்டர், உங்கள் வலியையும் வீக்கத்தையும் விசாரித்துவிட்டு, பழைய படத்தைப் பக்கத்தில் வைத்துப் புதுசைப் பார்ப்பார்.

'பழைய படம் கொண்டு வந்திருக்கீங்களா?' என்று கேட்டேன்.

'வீடு மாத்தும்போது பேப்பரோட எடைக்குப் போட்டுட்டேன் சார்' என்றார்.