எல்லை கடந்த பல் மருத்துவமும் வலி தணிப்பும்: பாகான் செராய் வட்டாரம்

பல் சிகிச்சைக்காக நாட்டெல்லையைக் கடந்து போய்வருவது பல் மருத்துவப் பயணம் எனப்படுகிறது. மலேசியாவைப் பொறுத்தவரை இது இருவழிப் போக்குவரத்து. சிங்கப்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்கும், இந்தோனேசியாவின் சுமத்திராவிலிருந்து பினாங்குக்கும் நோயாளிகள் வருகிறார்கள். மலேசியாவின் வட மாநிலத்தவர் சிலர் தாய்லாந்தின் ஹாட்யாய் நகருக்குப் போகிறார்கள். சொந்தபந்தம் பார்க்கத் தமிழ்நாட்டுக்குப் போகும் தமிழர்களில் சிலர் அங்கேயே பல்லையும் பார்த்துக்கொண்டு திரும்புவதுண்டு. பேராக்கின் கிரியான் மாவட்டத்திலுள்ள பாகான் செராய் இந்தப் போக்குவரத்துக்கு வசதியான இடம். இங்கிருந்து கொமுட்டர் ரயிலில் புக்கிட் மெர்த்தாஜாமுக்குப் போய், அங்கே வண்டி மாறினால் எல்லை ஊரான பாடாங் பெசாரை அடையலாம்.

கிரியான் வட்டாரத்துக்குத் தமிழர்களைக் கொண்டுவந்தவை 19ஆம் நூற்றாண்டின் கரும்புத் தோட்டங்கள். 1906இல் நீர்ப்பாசனத் திட்டம் முடிந்ததும் நெல் பரவியது. பின்னர் ரப்பரும் வேரூன்றியது. தோட்டத்து மருத்துவமனையில் டிரஸ்ஸர் எனப்பட்ட மருத்துவ உதவியாளர்தான் எல்லாம். காய்ச்சலுக்கு மருந்து கொடுப்பவரும் காயத்துக்குக் கட்டுப் போடுபவரும் அவரே. பல்லைப் பிடுங்க வேண்டி வந்தாலும் பெரும்பாலும் அவரிடமே போக வேண்டியிருந்தது. இவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. வீட்டு வைத்தியமாக இருந்தது கிராம்பு. அதன் எண்ணெயிலுள்ள யூஜெனால் நரம்பைச் சற்று மரக்கச் செய்யும், சொத்தையை ஆற்றாது. வலி குறைந்ததும் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுப் பல்லை இழந்தவர்களின் துயரம் தோட்ட வாழ்வின் எழுதப்படாத பகுதி.

முறையான பல் மருத்துவக் கல்வி சிங்கப்பூரில் 1929இல் தொடங்கியது. பினாங்கில் 1949இல் பல் தாதியர் பயிற்சிப் பள்ளி எழுந்தது. பள்ளிப் பிள்ளைகளின் பல்லைப் பார்த்த ‘மிஸ்ஸி’மாரை உருவாக்கியது அந்தப் பள்ளியே. மலாயாப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பீடம் 1972இல் வந்தது. கெடாவின் பீடோங்கிலுள்ள எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலும் இன்று இக்கல்வி உண்டு.

வலியை அடக்கியதில் பல் மருத்துவர்களுக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் 1844இல் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை உள்ளிழுத்துத் தம் பல்லையே எடுக்கச் செய்தார். 1846இல் வில்லியம் மார்ட்டன் ஈதரின் ஆற்றலைப் பொதுமேடையில் காட்டினார். வியன்னாவின் கார்ல் கோலர் 1884இல் கொக்கெய்ன் கண்ணை மரக்கச் செய்வதைக் கண்டபின், குறிப்பிட்ட இடத்தை மட்டும் மரக்கச் செய்யும் வழி திறந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புரோக்கெய்னும், 1943இல் சுவீடனில் லிக்னோக்கெய்னும் உருவாயின. இந்த லிக்னோக்கெய்ன் இன்றும் பல் மருத்துவத்தில் பரவலாகப் பயன்படும் ஊசிமருந்து. அட்ரினலின் சேர்த்துக் கொடுத்தால் பல்லின் உள்நரம்பு ஏறத்தாழ ஒரு மணி நேரம் மரத்திருக்கும். உதடும் கன்னமும் மூன்று முதல் ஐந்து மணி நேரம் வரை மரத்திருக்கும். ஆர்ட்டிக்கெய்ன் எலும்பினுள் நன்றாக ஊடுருவுவதால், கீழ்க் கடைவாய்ப் பல்லின் பக்கத்து ஈறில் போடும்போது அது லிக்னோக்கெய்னைவிடக் கூடுதல் பலன் தரக்கூடும்.

சீழ் பிடித்த இடத்தில் ஊசி சரியாகப் பிடிக்காமல் போவதற்கு அங்குள்ள அமிலத்தன்மை ஒரு காரணம். இது மருத்துவரின் கைக்குறை ஆகாது. நோயாளி வலிக்கிறது என்றால் நிறுத்தி, கூடுதல் மருந்தோ வேறு வழியோ தேடுபவரே நல்ல மருத்துவர். அச்சம் மிகுந்தவர்களுக்கு நைட்ரஸ் ஆக்சைடு அல்லது நரம்புவழி மிடாசோலம் தரலாம். முழு மயக்கத்துக்கு மயக்க மருத்துவரும் மருத்துவமனையும் இன்றியமையாதவை. சாதாரணமாகப் பல் எடுப்பதற்கு அது தேவையே இல்லை.

பிற நாட்டில் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கையில் முதலில் பார்க்க வேண்டியது பதிவு. மலேசியாவில் 2022 ஜனவரி 1 முதல் நடப்பிலுள்ள பல் மருத்துவச் சட்டம் 2018இன்படி, மருத்துவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிந்து, ஆண்டுதோறும் தொழில் சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டும். இந்தியாவிலும் பல் மருத்துவர்களுக்கெனப் பதிவேடு உண்டு; அது 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தொடங்கியது. அடுத்து, எந்த ஊசிமருந்து, எவ்வளவு, மயக்கம் தருபவர் யார், அவசரத்துக்கு ஆக்சிஜன் உண்டா என்பவை. நோயாளி தம் பங்குக்கு ஒவ்வாமை, இதய நோய், இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரை, கர்ப்பம் ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். செயற்கைப் பல் பொருத்தும் திருகு எலும்போடு ஒட்டச் சில மாதங்கள் ஆகும். ஒரே பயணத்தில் முடித்துத் தருவதாகச் சொல்லப்படும் வாக்குறுதியை எச்சரிக்கையோடு எடைபோட வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் வரும் வலிக்கு, ஒத்துக்கொள்பவர்களுக்கு ஐபுப்ரோஃபென், பாரசிட்டமால் இரண்டும் சேர்ந்த முறை நல்ல பலன் தரும். டெங்கிக் காய்ச்சல் பரவும் இந்நாட்டில், காய்ச்சல் இருப்பவர் ஐபுப்ரோஃபெனையும் ஆஸ்பிரினையும் தவிர்க்க வேண்டும். பல் எடுத்த இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் குழியில் கடும் வலி எழுந்தால், அது பெரும்பாலும் உறைந்த இரத்தம் பெயர்ந்ததன் விளைவு. அந்நாட்களில் நோயாளி மருத்துவரிடம் திரும்பிப் போகக்கூடிய தொலைவில் இருப்பதே பாதுகாப்பு.

பாகான் செராய் மக்கள் இன்று அரசுப் பல் மருத்துவ நிலையங்களையும், பாரிட் புந்தார், தைப்பிங், பினாங்கு ஆகிய ஊர்களின் தனியார் கிளினிக்குகளையும் நாடுகின்றனர்.