அமுக்கமும் மீகடத்திகளும்: ஒரு வரலாற்று நோக்கு

பசறைப் பகுதி மக்கள் நாள்தோறும் காணும் நமுனுகுல மலையின் உயரம் 2036 மீற்றர். அதன் உச்சியில் தேநீருக்காக நீரைச் சூடாக்கினால், அது ஏறத்தாழ 93 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். அங்கு வளியின் அமுக்கம் குறைந்திருப்பதே இதற்குக் காரணமாகும். ஒரு பொருள் தன் நிலையை மாற்றிக்கொள்ளும் வெப்பநிலையை அமுக்கம் மாற்றவல்லது என்னும் இவ்வுண்மை, மீகடத்திகளின் வரலாற்றிலும் பெரும் பங்கு வகித்துள்ளது.

மிகத் தாழ்ந்த வெப்பநிலையிற் சில பொருள்கள் மின்னோட்டத்துக்குச் சிறிதும் தடை காட்டாத நிலையை அடைகின்றன. இதுவே மீகடத்துதிறன் எனப்படும். 1911இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரிற் கமர்லிங் ஒன்னெஸ் இதனை இரசத்திற் கண்டார். இரசம் அந்நிலையை அடைவது 4.2 கெல்வினில், அதாவது பூச்சியத்துக்குக் கீழே ஏறத்தாழ 269 பாகை செல்சியசில். 1925இல் அவரும் சைசூ என்பாரும் வெள்ளீயத்தையும் இந்தியத்தையும் அமுக்கத்துக்கு உட்படுத்தியபோது, மீகடத்தும் வெப்பநிலை மேலும் குறையக் கண்டனர். அமுக்கத்தால் அணுக்களின் அமைப்பு விறைப்புறும்போது, அவற்றின் அதிர்வுகள் இலத்திரன்களைச் சோடி சேர்க்கும் ஆற்றல் குன்றுகின்றது என்பது பிற்காலத்தார் கண்ட விளக்கமாகும்.

இவ்வுலோகங்களுக்குப் பகையாய் நின்ற அமுக்கம், வேறொரு பொருளுக்குத் துணையாயிற்று. 1986இற் பெட்னோர்சும் முல்லரும் சூரிச் ஆய்வுகூடத்தில், 30 கெல்வினையொட்டிய வெப்பநிலையிலேயே மீகடத்தும் செப்பு ஒட்சைட்டு ஒன்றைக் கண்டனர். ஹூஸ்ரனிற் போல் சூ அதனை அமுக்கியபோது அவ்வெப்பநிலை 50 கெல்வினைக் கடந்தது. அணுக்கள் நெருங்குவதால் நன்மை விளையுமாயின், வெளியிலிருந்து அமுக்குவதற்குப் பதிலாகச் சிறிய அணுக்களை உள்ளே அமர்த்தினால் என்ன? இவ்வெண்ணத்தின் வழியே, இலந்தனத்தின் இடத்தில் இற்றியம் கொண்ட சேர்வை 1987இல் 93 கெல்வினில் மீகடத்தியாயிற்று. மலிவான திரவ நைதரசனின் 77 கெல்வினை அது விஞ்சியது. சில வாரங்களுள் உலகின் பல ஆய்வுகூடங்கள் அதனைத் தாமே செய்து பார்த்து உறுதிப்படுத்தின.

மிக இலேசான ஐதரசன் கடும் அமுக்கத்தின்கீழ் உலோகமானால், உயர் வெப்பநிலையிலும் மீகடத்தும் என 1968இல் ஆஷ்குரொப்ட் எதிர்வுகூறினார். 2015இல் ஜெர்மனியின் மெயின்ஸ் நகர ஆய்வாளர், ஐதரசனும் கந்தகமும் சேர்ந்த பொருளை இரு வைர முனைகளுக்கிடையே ஏறத்தாழ பதினைந்து இலட்சம் வளிமண்டல அமுக்கத்துக்கு உட்படுத்தி, 203 கெல்வினில் மீகடத்தக் கண்டனர். பிறரும் இதனை உறுதிசெய்தனர்.

இவ்வரலாற்றின் அடுத்த ஏடு நமது நாட்டைத் தொடுகின்றது. கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கற்று, அமெரிக்காவின் ரொச்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய ரங்க டயஸ், 15 பாகை செல்சியசிலேயே மீகடத்தும் பொருளைக் கண்டதாகத் தம் குழுவினருடன் 2020இல் 'நேச்சர்' இதழில் அறிவித்தார். இலங்கையர் பலர் பெருமிதங்கொண்டனர். ஆயின் 2022இல் இதழாசிரியர் அக்கட்டுரையை மீளப்பெற்றனர். 2023 மார்ச்சில், பத்தாயிரம் வளிமண்டல அமுக்கமே போதும் என்ற இரண்டாவது அறிவிப்பு வெளிவந்தது. பிற ஆய்வுகூடங்களில் அது கைகூடவில்லை. உடனாசிரியருட் பெரும்பாலோரே வேண்டிக்கொள்ள, அதே ஆண்டு நவம்பரில் அதுவும் மீளப்பெறப்பட்டது. பல்கலைக்கழகம் அமைத்த விசாரணைக் குழு ஆய்வு முறைகேடு நிகழ்ந்ததென முடிவு செய்தது. அவர் அதனை மறுத்தார். 2024இற் பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கினார்.

இதனை ஒருவரது வீழ்ச்சியாக மட்டும் நோக்குதல் தகாது. வைர முனைகளுக்கிடையே அகப்படுவது தலைமயிரின் தடிப்பேயான சிறு துணுக்கு. அதனுள் நிகழ்வதைப் பிறர் கண்ணாற் காண இயலாது. அளவீடுகளே சாட்சி. சூவின் முடிவு நிலைத்தது அவர் புகழால் அன்று. எவரும் செய்து பார்க்கக்கூடியதாக அது இருந்தமையால் நிலைத்தது.

இன்று திருச்சிராப்பள்ளி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் உயர் அமுக்க ஆய்வுக்கென ஒரு மையம் உள்ளது. எனவே இத்துறை நமக்கு எட்டாததன்று. ஊவாவின் தோட்டப் பாடசாலைகளிலிருந்து விஞ்ஞானம் கற்கவரும் மாணவர் இத்துறையிற் புகுவாராயின், நாட்டின் பெருமையிலும் அளவீட்டின் நேர்மையே முதன்மையானது என்பதை உடன் கொண்டு செல்வாராக.